பூஜையில் இருந்த நோட்டு

சரஸ்வதி பூஜையன்று காலை பத்தரை மணிக்கு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தில்லைநாயகம் ஜெயரதியின் கடைக்கு ஓடிவந்தார். கையில் செல்போன். மறுமுனையில் யாரோ காத்திருந்தார்கள்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. ஜெயரதிக்கு முப்பத்தொன்று. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்றவர்களுக்கு அங்கேயே பாடம் எடுப்பாள். அவளுடைய மாணவர்களில் மகா பயந்தாங்கொள்ளி இவர்தான். மவுஸைத் தொடுவதற்கு முன்பு கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அவர் மனைவி விசாலத்துக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, இரண்டு வருடத்துக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் அவள் பேசியதை எல்லாம் பதிவு செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். நாற்பத்தொரு பதிவுகள். நகல் எடுத்து வையுங்கள் என்று ஜெயரதி மூன்று ஞாயிறு சொல்லிவிட்டாள். எடுக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து, அவர் தொடவே இல்லை.

"டீச்சர், பாஸ்வேர்டு வேணும். உடனே."

"எதுக்கு சார்?"

மூச்சு வாங்கச் சொன்னார். பூஜைக்காகக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூச் சார்த்தியிருக்கிறார். திரையில் சரஸ்வதி படம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று இணையத்தில் தேடியிருக்கிறார். பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான் தெரிந்திருக்கிறது. அழுத்தினார். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று வந்தது. ஓரத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. பேசினார். எதிரில் ஒருவர் தேன் ஒழுகப் பேசி, ஏதோ ஒன்றை ஏற்றச் சொன்னார். ஏற்றப் போனால் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. புதிதாக எதை ஏற்றவும் வேண்டிய அந்தப் பாஸ்வேர்டு, அதைப் போட்டுவைத்த ஜெயரதியின் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

"நோட்டு பூஜையில இருக்கு சார்," என்றாள்.

கடை மூலையில் ஒரு மனைப்பலகை. ஸ்க்ரூ டிரைவர்கள், குறடு, மல்டிமீட்டர், அவற்றுக்கு அடியில் நோட்டு. எல்லாவற்றுக்கும் பொட்டு.

"நாளைக்குக் காலையில எடுத்துத் தரேன்."

"நாளைக்கா! இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு. விசாலம் குரல் அதுலதான் இருக்கு டீச்சர்!"

"பூஜையில வெச்சதை நடுவுல எடுக்கலாமா?"

"ஆபத்துக்குப் பாவமில்லை."

"அப்ப அவரையே கேட்டுடுவோம்." போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "வணக்கம் சார். பாஸ்வேர்டு நோட்டு பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையில வேலையை வெச்சுக்கலாமா?"

"மேடம், நாளைக்கு ஒண்ணுமே மிஞ்சாது. இப்பவே எடுங்க."

"சரஸ்வதி பூஜை சார்."

"பூஜையாவது மண்ணாவது! அந்தப் பெரியவர்கிட்ட குடும்மா. யோவ் பெருசு, இருக்கியா? எல்லாம் போனப்புறம் உக்காந்து அழுவே!"

தில்லைநாயகத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. ஜெயரதி இணைப்பைத் துண்டித்துப் போனை நீட்டினாள்.

"நானும் ரிப்பேர்காரிதான் சார். நாளைக்கு வரேன்னு சொன்ன யாரையாவது நான் இப்படித் திட்டிப் பாத்திருக்கீங்களா?"

அவர் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய் சுவிட்சை அணைச்சிடுங்க."

"அணைச்சா அழிஞ்சிடும்னு போட்டிருக்கே?"

"போட்டது யாரு சார்?"

அவர் வீட்டுக்குப் போனபோது கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பிளாட்பாரமே திரண்டு வந்து கத்தினாலும் அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வராமல் ஒரு வண்டியை விட்டதில்லை. இப்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அணைத்தார்.

அன்று அவர் சுண்டலைத் தொடவே இல்லை. விசாலம் இரண்டு முறை கைதட்டிக் கூப்பிட்டு, என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். வெயில் என்றார். உன் குரலை நானே அழித்துவிட்டேனோ என்று அவளிடம் எப்படிக் கேட்பது? பொழுது நகருவேனா என்றது.

மறுநாள் காலை ஜெயரதி வந்தாள். அவர் சூடம் காட்டி முடிக்கும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய பக்கத்தைத் திறக்கட்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்றாள். சிவப்பைக் காணோம். முதல் பதிவை அழுத்தினாள்.

"ஏங்க, பால்காரர் எவ்வளவு நேரமாக் கூப்பிடறார்! காதுல என்ன பஞ்சா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தில்லைநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஜெயரதி நாற்பத்தொன்றையும் இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மற்றதை மகள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

"டீச்சர், இனிமே இப்படி வராம இருக்க நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு போடுங்க."

"ஏற்கெனவே போட்டிருக்கேன் சார்."

"அப்புறமும் வந்துச்சே?"

"கம்ப்யூட்டருக்கு வரலையே சார்."

கொண்டுவந்திருந்த நோட்டிலிருந்து அவருடைய பாஸ்வேர்டு இருந்த தாளைக் கிழித்தாள். நாலாக மடித்து, அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் சரஸ்வதி படத்துக்கு அடியில் வைத்தாள். கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனத்தைத் தொட்டு அதன்மேல் பொட்டு வைத்தாள்.

"பூஜைதான் முடிஞ்சிடுச்சே டீச்சர்?"

"யாராவது அவசரப்படுத்தினா, இன்னும் முடியலைன்னு சொல்லுங்க சார்."