சரியாக நாற்பது

அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளை எண்ணிக் கட்டி நீராவியில் சுத்தம் செய்கிற அறைக்கு பிலோமினா புதிதாக வந்த நர்ஸ். கட்டுக்கு நாற்பது கருவிகள். அவள் எண்ணும்போதே பத்துப் பேர் வந்து பத்துக் கேள்வி கேட்பார்கள். அப்படி ஒருநாள் ஒரு கத்தரி குறைந்துபோனது.

கண்காணிப்பாளர் டாக்டர் அம்பலவாணன் நர்ஸுகளைக் கூட்டிப் பயிற்சி வகுப்பே நடத்திவிட்டார். "யார் குறுக்கே வந்தாலும் பதில் சொல்லணும், எண்ணிக்கையும் தப்பக்கூடாது. முடியாதவங்களுக்கு நாளைக்கே மாறுதல்!"

பிலோமினா பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டாள். "ஐயா ஒரு தடவை செஞ்சு காட்டினா, பார்த்துக் கத்துக்குவோம்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ஏழு எண்ணுவதற்குள், "டீக்குச் சர்க்கரை போடலாமாங்கய்யா?" என்றாள். பதினெட்டில் ஒரு கையெழுத்து கேட்டாள். முப்பதில் அவர் மனைவியே போன் செய்து, வெண்டைக்காயா முருங்கைக்காயா என்று கேட்டார். எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே எண்ணி, துணியில் சுற்றி, டேப் ஒட்டி நிமிர்ந்தார். "பார்த்தீங்களா? நாற்பது!"

"சரியா நாற்பதுதாங்கய்யா. ஆனா அதுல ஒண்ணு மணியடிக்குது," என்றாள் பிலோமினா.

கட்டுக்குள் அவருடைய செல்போன் அலறியது. அவர் பேனா மேஜையில் கிடந்தது. சட்டைப் பையில் ஒரு கத்தரி செருகியிருந்தது.

"எடுத்துப் பேசுறீங்களா, இல்ல ஆவியில வெச்சிடட்டுமாங்கய்யா?"

மாறுதல் பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் அறை வாசலில் சிவப்புக் கோடு போட்டார்கள். எண்ணி முடிகிறவரை யாரும் தாண்டக்கூடாது. அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே முதலில் வந்து நின்றவர் அம்பலவாணன்தான். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லை.