தாசில்தார் தேர்ந்தெடுத்த ரோஸ்

ஓய்வுபெற்ற தாசில்தார் அருணகிரி, மகள் அறைக்குப் பெயிண்டர் காட்டிய ஆறு ரோஸ் நிறங்களையும் தள்ளிவிட்டார். "நாளைக்கும் சரியா வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்றார்.

மறுநாள் காலை பெயிண்டர் சுடலைமுத்து சுவரில் இரண்டு பட்டைகளைக் காட்டினான். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா."

"இடது தாமரைப்பூ. வலது பல்பொடி. முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கண்ணுடா இது! இடதையே அடி."

"ஒரு மணி நேரம் பொறுங்கய்யா."

பொறுத்தார்.

"இப்ப பல்பொடி எதுங்க?"

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"ஒரே வாளிதாங்கய்யா. இடது நேத்து சாயங்காலமே அடிச்சுக் காஞ்சது. வலது காலையில அடிச்சது, அப்ப ஈரம்."

அடுப்படியில் தாசில்தார் மனைவி சிரிப்பது கேட்டது.

"சரி, அதே வாளியில அடி" என்றார் தாசில்தார். "ஆனா பிரஷ்ஷை இடது பக்கமா முக்கு."