ஜெபக்கனியின் குழி விழுந்த கேக்

ஒரு ஊர்ல ஒரு போர்மா இருந்துச்சாம். போர்மான்னா பேக்கரி அடுப்பு. இந்தக் கட்டிலே உள்ள போயிடும், அவ்வளவு பெரிசு. வீட்ல மாவு கலக்கித் தட்டோட கொண்டுபோய்க் கொடுத்தா, அருளப்பன் சுட்டுக் கொடுப்பார். ம் சொல்லு.

ம்.

அந்த ஊர்ல ஜெபக்கனின்னு ஒரு வாயாடி. அவளோட சேத்துப் பதினாலு பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வந்துச்சு. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கறப்ப அம்மா அப்பாதானே பதில் சொல்வாங்க? வளந்தப்புறம் பேராயர் முன்னாடி நின்னு தன் வாயாலேயே சொல்லணும். அதான் திடப்படுத்தல்.

இவ சும்மா இருந்தாளா? பேராயர் என் கேக்கைத்தான் வெட்டுவார்னு பதிமூணு பேர்கிட்டயும் சொல்லி வச்சுட்டா. வெட்டலேன்னா உன் பேரு பீத்தக்கனின்னுட்டாங்க.

அப்புறம் வீட்ல சண்டை. அப்பா பிளம் கேக்குங்கறார், அத்தை ரவை கேக்குங்கறா. இவ வெண்ணெய் கேக்குன்னு ஒத்தக்கால்ல நின்னா.

மொத நாள் சோடா உப்பை அள்ளிப் போட்டா. பொசுபொசுன்னு பொங்கி, போர்மாவுக்கே மீசை முளைச்சுது. ரெண்டாம் நாள் முட்டை போட மறந்துட்டா. ணங்! அத்தை அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டா. என்ன சிரிப்பு? ம் சொல்லு.

ம்ம்.

மூணாவது, திடப்படுத்தல் அன்னிக்கு விடியக்காலம். எப்பவும் தட்டுக்கு அடியில ஆணியால பேரைக் கீறுவாங்க. அன்னிக்குப் பேராயர் வர்றாரேன்னு, ஐயரம்மா, அதான் கோயில் போதகரோட சம்சாரம், எல்லாருக்கும் ஒரே மாதிரி புதுத் தட்டு கொடுத்து, கலர் காகிதத்துல பேர் எழுதி ஒட்டச் சொல்லிட்டாங்க.

ஜெபக்கனி தட்டு போர்மா வாசலோரம். அருளப்பன் டீ குடிக்கப் போனார். அப்போ இவ கிறீச்சுனு கதவைத் திறந்து பாத்தா. மறுபடி கிறீச். மூணாவது கிறீச்சுல நடுவுல விரலை வச்சு அமுக்கியும் பாத்தா. புஸ்ஸு. குழி விழுந்துடுச்சு.

ஆராதனை முடிஞ்சுது. கோயில் முற்றத்துல பதினாலு கேக்கும் வந்துச்சு. காகிதம்? அடுப்புல வெச்சா காகிதம் என்ன ஆகும்? சாம்பல்.

அதுல ஒண்ணு மட்டும் தலகாணி மாதிரி உப்பி, தங்கமா மின்னுது. பதினாலு வீட்டாரும் அது எங்களுதுன்னு ஒரே கூச்சல். நம்ம அத்தையும்தான். "எங்க ஜெபாவோடது, வாசனையே சொல்லுதே."

பேராயர் பாவம், காலையிலேர்ந்து பட்டினி. கத்தியைத் தூக்கறார், இறக்கறார். குழி விழுந்ததைக் காட்டி, இது யாருதுன்னு கேட்டார். எல்லாரும் ஒரு அடி பின்னால போனாங்க.

ஜெபக்கனி அத்தையைப் பாத்தா. தங்க கேக்கைப் பாத்தா. காலையில அவர்கிட்ட தன் வாயால பதில் சொன்ன சூடே இன்னும் ஆறல.

"அது என்னுது ஐயா. நடுவுல இருக்கறது என் விரல்தான்."

யாரோ பீத்தக்கனின்னு கிசுகிசுத்தாங்க.

பேராயர் சுத்திப் பாத்தார். "அந்த உப்பினதுக்குப் பதினாலு வீடு சண்டை போடுது. மிச்சத்துக்கு ஆளே இல்லை. இது ஒண்ணுதான் யாருதுன்னு தெரியுது."

சொல்லிட்டு, சரக்குனு அதையே வெட்டினார்.

கேக்கும் காலி, தட்டும் காலி, கதையும் காலி. கண்ணை மூடு ராசாத்தி. ம் சொல்ல வேண்டாம்.