தகட்டில் வெட்டிய கை

மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், செருப்பு விடுகிற இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே உருவத் தகடு வெட்டுவார்கள். கண் நோவென்றால் கண், கால் நோவென்றால் கால். வேண்டிக்கொண்டவர்கள் வாங்கிப் போய் ஆத்தாளின் காலடியில் வைப்பார்கள். வெள்ளி நிறத் தகடு. அஞ்சலட்டையின் கனம்கூட இருக்காது.

கொட்டகைக்கு மேஸ்திரி குணவதி. வயது முப்பத்தொன்பது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டவர் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. வேலை செய்த விசைத்தறிக் கூடத்தை மூடிவிட்டார்கள் என்று வந்தவர், நாலு வருஷமாக இங்கேயே இருக்கிறார். அவர் குணவதியை மேஸ்திரி என்பார். குணவதி அவரை அண்ணா என்பார்.

பங்குனி பிறந்ததிலிருந்து சென்னியப்பனின் வலது கை நடுங்கியது. முதலில் டீ டம்ளர் பிடிக்கும்போது. பிறகு சட்டைப் பொத்தான் போடும்போது. இப்போது ரம்பம் எடுக்கும்போது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறையும், ஆனால் அடியோடு போகாது என்றார்.

வீட்டில் சொன்னார். கொட்டகையில் சொல்லவில்லை. சொன்னால், "வீட்டுல இருந்து உடம்பப் பாத்துக்குங்கண்ணா" என்று மேஸ்திரி அன்பாகச் சொல்லிவிடுவார். கோபமாகச் சொன்னால் சண்டை போடலாம். அன்பாகச் சொன்னால் எழுந்து போகத்தான் வேண்டும்.

அதனால் அவர் வேறொன்று கேட்டார்.

"மேஸ்திரி, மெல்லிசுத் தகட்டுல உருவம் வெட்டறதுக்கு எந்தக் கருவிங்க உசத்தி?"

குணவதி கண் தகடுகளை ஜோடி சேர்த்து நூலில் கோத்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண் நோவென்று வருகிறவருக்கும் இரண்டாகக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

"நாலு வருஷம் கழிச்சா கேக்கறீங்க?"

"இப்பத்தானுங்க தோணுச்சு."

"எந்த உருவத்துக்கு?"

"எல்லாத்துக்குமுங்க."

"எல்லாத்துக்கும் ஒன்னே போதும்னா, இந்தச் செவுத்துல எதுக்குண்ணா இத்தனை ஆணி?"

சுவர் நிறையக் கருவிகள் தொங்கின. குணவதி நூலைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொன்னா எடுத்து நீங்களே சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

சென்னியப்பன் தகரக் கத்தரியை எடுத்தார்.

"இதுல வீடு வெட்டலாம், தொட்டில் வெட்டலாம். ஓரம் நேரா இருக்கோணும். சின்ன வளைவுல விட்டா தகடு சுருட்டிக்கும்."

"செரி. அப்புறம்?"

மூலையில், டை என்கிற இரும்பு அச்சை வைத்து அழுத்தும் கைப்பிரஸ்ஸின் பிடியைத் தொட்டார்.

"இதுல டை இருக்கற உருவம் மட்டும். ஒரு அழுத்து, ஒரு கண்ணு. கண்ணை மூடிட்டு அழுத்தலாம்."

"கண்ணை மூடிட்டு அழுத்தித்தான் பாத்தமே."

இருவரும் சிரித்தார்கள். அந்தத் தகட்டுக்கு ஒரு பக்கம்தான் பளபளப்பு. முதல் வருஷத் திருவிழாவில் சென்னியப்பன் பளபளப்பைக் கீழே வைத்து ஒரு கட்டு முழுக்க அழுத்திவிட்டார். திருப்பிப் பார்த்தால் வலது கால்கள் அத்தனையும் இடது கால்கள். இரண்டு நாள் விற்ற பிறகுதான் தெரிந்தது.

"அந்த வருஷம் ஊருக்குள்ள எத்தனை பேருக்கு நல்லா இருந்த எடது காலு இன்னும் நல்லாச்சோ" என்றார் குணவதி.

"ஒருத்தரும் வந்து சண்டை போடலீங்களே."

"வலது காலு நோவுல எப்படி நடந்து வருவாங்க? மூணாவதைச் சொல்லுங்க."

மூன்றாவது, வில் போன்ற சட்டத்தில் நூல் மாதிரிப் பூட்டிய ரம்பம். சென்னியப்பன் அதை இடது கையால் எடுத்தார்.

"இது எல்லாத்தையும் வெட்டுமுங்க. டை இல்லாதது, கத்தரி போகாதது. கொம்பு ஒடிஞ்ச எருமை கேட்டு வருவாங்க. கட்டி வந்த கழுத்து கேப்பாங்க."

"அப்ப அதுதான் உசத்தியா?"

"இல்லீங்க" என்றார் அவசரமாக. "இதுக்குக் கை நிக்கோணுமுங்களே."

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட லேசர் வந்திருக்குதுங்க மேஸ்திரி. படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டாப் போதும். நூலளவு பிசகாது. கையே வேண்டாமுங்க."

குணவதி நோட்டீஸை இரண்டு பக்கமும் படித்தார்.

"நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துரலாங்கண்ணா."

மறுநாள் காலை போனார்கள். கடைக்காரரை எல்லோரும் ஜாபர் பாய் என்றார்கள். குணவதி நோட்டுப் புத்தகத்தில் வரைந்து கொண்டுபோயிருந்த கையை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொறி கிளம்பி, தகட்டின் மேல் எறும்பு மாதிரி ஊர்ந்தது. டீ வருவதற்குள் இருபத்துநாலு கைகள்.

"எந்தக் கையை வேணும்னாலும் எடுத்து எது மேல வேணும்னாலும் வச்சுப் பாருங்கம்மா. ஒரு மயிரிழை மாறாது" என்றார் பாய்.

குணவதி வைத்துப் பார்த்தார். மாறவில்லை. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். பிசிறில்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க பாய். கை, காலு ரெண்டும் திருவிழாவுக்கு உங்ககிட்டயே போட்டுக்கறோம்."

சென்னியப்பன் தம் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் கை ஒளிந்துகொள்ள ஒரு மிஷின் தேடி வந்தவர் அவர். மிஷின் கிடைத்துவிட்டது. அதன் பின்னால் ஆள் நிற்கத்தான் இடமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"இனி ரம்பத்துக்கு வேலை இல்லீங்களே மேஸ்திரி."

"கொம்பு ஒடிஞ்ச எருமை கேட்டு ஒருத்தர் வந்தா, அந்த ஒன்னுக்குப் பாய் படம் போட்டுட்டு உக்காந்திருப்பாரா?"

"மாட்டாருங்க."

"அப்ப வேலை இருக்கு."

"அதை நீங்களே வெட்டிக்குவீங்க."

குணவதி ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார். சென்னியப்பன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"கையை எடுங்கண்ணா. மரத்துப் போயிரும்."

அவர் எடுத்தார். கை மடியில் கிடந்து ஆடிற்று.

கொட்டகைக்கு வந்ததும் குணவதி புதுத் தகடு ஒன்றை மேசையில் வைத்தார்.

"உக்காருங்க. ஒரு கை வெட்டோணும்."

"இருபத்துநாலு கை வாங்கிட்டு வந்திருக்கறமுங்களே."

"அது விக்கறதுக்கு. இது உங்களுக்கு."

"எனக்கெதுக்குங்க?"

"டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கற ஆளு நீங்க. ஒரு மாசமா ஆற வச்சு, ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடிக்கறீங்க."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். வெளியே யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதான் இருந்தீங்களா?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொன்னா வீட்டுக்குப் போகச் சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க."

"வீட்டுல போயி என்ன பண்ணுவீங்க?"

"அதுதானுங்க தெரியல."

"அப்ப உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். குணவதி அவருடைய வலது கையை எடுத்துத் தகட்டின் மேல் விரித்து வைத்து, ஓர் ஆணியின் முனையால் சுற்றிலும் கோடு போட்டார்.

"அசையுதுங்களே."

"அசையட்டும்."

கோடு விழுந்தது. சென்னியப்பன் ரம்பத்தை எடுத்து மணிக்கட்டில் ஆரம்பித்தார். கட்டைவிரல் வளைவுக்குப் போவதற்குள் ரம்பத்தின் இழை அறுந்தது. வேறு இழை பூட்டிக் கொடுத்தார் குணவதி. அதுவும் அறுந்தது.

"பாத்தீங்களா? கை ஆடுது."

"கை மட்டுமா ஆடுது? தகட்டைப் பாருங்க."

சென்னியப்பன் பார்த்தார். ரம்பம் பட்ட இடத்தில் தகடு இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை நாளும் பார்த்ததுதான். ரம்பத்தை நிறுத்திய பிறகும் அது சற்று நேரம் அதிர்ந்தது.

"மெல்லிசுத் தகடு இப்படி ஆடுனா நாம என்ன பண்ணுவோம்?"

"ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சுக் கட்டுவோமுங்க. பலகையோட சேத்து அறுப்போம்."

"தகட்டைத் திட்டுவமா?"

"இல்லீங்க."

"வீட்டுக்குப் போன்னு சொல்லுவமா?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். துடைக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

குணவதி கெட்டியான அட்டை போன்ற பிளைவுட் துண்டுகள் இரண்டை எடுத்தார். நடுவில் புதுத் தகடு. நாலு மூலையிலும் ஆணி. மேல் பலகையில் மறுபடியும் அவர் கையை விரித்து வைத்து, இந்தத் தடவை பென்சிலால் கோடு போட்டார். பிறகு மேசைக்கு எதிர்ப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரம்பத்தை ஒரே எடத்துல மேலயும் கீழயும் ஓட்டுங்க. எங்கயும் போகாதீங்க. வளைச்சுத் திருப்பறது எம்பாடு."

சென்னியப்பன் ஓட்டினார். மரத்தூள் விழுந்தது. நடுவே வெள்ளியாகவும் கொஞ்சம் விழுந்தது. பலகை அவர் பக்கமாக மெல்ல நகர்ந்து, திரும்பி, கட்டைவிரலைச் சுற்றி வந்தது.

"ஆள்காட்டி விரலு வருது. மெதுவா."

"செரிங்க."

"இழுக்காதீங்க. பலகை வரும். வரட்டும்."

நடுவிரல் முடிந்து மோதிரவிரல் தொடங்கும்போது கை பலமாக ஆடிற்று. குணவதி பலகையைத் திருப்பாமல் காத்திருந்தார். ஆட்டம் தணிந்ததும் திருப்பினார். இந்த முறை இழை அறவில்லை.

ஒரு மாமி வாசலில் வந்து நின்று, "ஒரு ஜோடிக் கண்ணு" என்றார்.

"அந்த டப்பாவுல கோத்து வச்சிருக்கு, எடுத்துக்குங்க. ரெண்டு கையும் வேலையா இருக்குது" என்றார் குணவதி, தலையைத் தூக்காமல்.

சுண்டுவிரலுக்கு வந்தபோது சென்னியப்பன் கேட்டார்.

"மேஸ்திரி, எத்தனை நாளைக்கு இப்படித் திருப்பிட்டே உக்காந்திருப்பீங்க?"

"நீங்க ஓட்டற வரைக்கும்ங்கண்ணா."

ரம்பம் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைத் திறந்தார்கள். தகட்டில் ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. ஆனால் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன அலை. சென்னியப்பன் அதை எடுத்து, லேசரில் வெட்டிய கை ஒன்றின் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையா மேஸ்திரி ஆத்தாளுக்கு வைக்கறது? பாயி வெட்டுனதுல ஒன்னு எடுத்துக்கறேனுங்க. எத்தனை சுத்தமா இருக்குது பாருங்க."

குணவதி அலையோடிய கையை வாங்கி, மெல்லிய அரத்தால் பிசிறை மட்டும் நீவினார். ஊதித் தூசியைத் தட்டினார். எழுந்து வந்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

"அதைக் கொண்டுபோயி வச்சா, இது யாரு கையின்னு ஆத்தா கேப்பா அண்ணா. இதைப் பாத்தாக் கேக்க மாட்டா."