மீன் தாண்டிய கோடு

காட்டு நடுவில் ஒரு குளம். அதில் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் கொக்குகளும் சேர்ந்தே இரை தேடின. நீர்க்காகங்கள் ஆழத்தில் முங்கி மீன்களைக் கலைக்கும். கூழைக்கடாக்கள் இறக்கையால் தண்ணீரை அடித்து அவற்றைக் கரைக்குத் தள்ளும். கரையில் கொக்குகள் காத்திருக்கும். நடுவில் சிக்கிய மீன்களில் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு, "குளம் யாருக்கு?" என்ற பேச்சு கிளம்பியது. ஆவணியில் கூழைக்கடா தலைவரானது. ஐப்பசியில் நீர்க்காகம் அதைக் கவிழ்த்தது. கார்த்திகையில் கொக்கு வந்தது. முந்தைய தலைவர் போட்ட சட்டத்தை அழிப்பதற்கே ஒவ்வொருவருக்கும் நேரம் சரியாக இருந்தது. கடைசியில் நாணல் நட்டுக் கோடு போட்டுக் குளத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: ஆழம் நீர்க்காகங்களுக்கு, கரை கொக்குகளுக்கு, மீதி கூழைக்கடாக்களுக்கு. யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது!

"கரை கொக்குகளுக்கே!" என்று அன்று எல்லோரையும் விட உரக்கக் கத்தியது வெள்ளாயி என்ற கொக்கு.

மார்கழியில் வெள்ளாயிக்கு மூன்று குஞ்சுகள் பொரிந்தன. கரையில் நின்று நின்று கால் மரத்ததுதான் மிச்சம். கலைக்க ஆளில்லாமல் எந்த மீன் கரைக்கு வரும்?

"அம்மா, பசிக்குது!"

வெள்ளாயிக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. காத்தான் என்ற நீர்க்காகம் ஆழத்திலிருந்து தலையை நீட்டி, "தங்கச்சி, உன் பக்கம் வருது, பிடி!" என்று கத்தும். அந்தக் குரலை நினைத்ததும் அழுகை வந்தது. எழுந்து கோட்டருகே பறந்துபோனது. அந்தப் பக்கம் காத்தான் மிதந்துகொண்டிருந்தது.

"அண்ணே! ஆழம் முழுக்க உங்களுக்குத்தானே? ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?"

"நான் விரட்டுறேன், மீன் கோட்டைத் தாண்டி ஓடிடுது. எனக்குத்தானே தடை!"

"மீனுக்கு இருக்கிற உரிமைகூட நமக்கு இல்லையா, அண்ணே?"

காத்தான் ஒரு கணம் யோசித்தது. "கரைக்குப் போய் நில்லு. நான் வர்றேன்!"

"நில்!" என்றது காவலுக்கு நின்ற கூழைக்கடா. பிறகு தன் அலகுக்குக் கீழே தொங்கிய காலிப் பையைக் குனிந்து பார்த்து, "நானும் வரட்டுமா?" என்று கேட்டது.

மூன்றும் சேர்ந்தன. தண்ணீர் தெறித்தது. "தங்கச்சி, உன் பக்கம் வருது, பிடி!"

மதியத்துக்குள் எல்லாப் பறவைகளும் அங்கே வந்துவிட்டன. நாணல் கோடு கலைந்து மிதந்தது. கொக்குத் தலைவர் புதுச் சட்டம் படித்தார். கேட்கத்தான் ஆளில்லை.

வெள்ளாயி கூட்டுக்குப் பறந்தது. இரண்டு குஞ்சுகள் அவசரமாக விழுங்கின. கடைக்குட்டி வாய் திறக்கவில்லை; அதன் உடல் குளிர்ந்திருந்தது. அந்த மீன் ஒரு நாள் முன்னால் வந்திருக்க வேண்டும். "கரை கொக்குகளுக்கே!" என்று அன்று தான் கத்தியது வெள்ளாயியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பலர் கூடி வாழும் இடத்தில் "எனக்கு மட்டும்" என்று கோடு போடுகிறவர், தம் பிள்ளைகளின் சோற்றைத்தான் கோட்டுக்கு அப்பால் தள்ளுகிறார்.