தலைவர் வைத்த ஊசி

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு பொட்டல்காட்டில் ரிமோட் விமானம் விடுகிற கிளப் இருந்தது. அதன் தலைவர் ராமபத்ரனுக்குத் தன் காதின் மேல் அபார நம்பிக்கை. எரிபொருள் விடும் ஊசித் திருகை, எஞ்சின் வீலென்று அலறும்வரை இறுக்குவார். தரையில் அலறும் விமானம், மேலே ஏறியதும் எரிபொருள் பத்தாமல் முள்காட்டில் விழும்.

அன்று பொள்ளாச்சி கிளப்காரர்கள் வந்திருந்தார்கள். எஞ்சினை முடுக்கும்போது விமானம் ஓடிவிடாமல் எல்லாருக்கும் வாலைப் பிடித்துக்கொள்ளும் புது உறுப்பினர் பூங்கோதையைத் தலைவர் கூப்பிட்டார்.

"இன்னைக்கு எஞ்சின் நின்னா உன்னைக் கிளப்பை விட்டுத் தூக்கிருவேன். நான் வச்ச ஊசியை எவன் திருப்பினாலும் அவனையும் தூக்கிருவேன்."

"சரிங்க சார். நீங்க ட்யூன் பண்ற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

தலைவர் மீசையை நீவிக்கொண்டு, ஊசித் திருகில் கை வைத்து உட்கார்ந்தார்.

"வலப்பக்கம் திருப்பினா கை மறைக்குதுங்க, இடப்பக்கம் திருப்புங்க. வெளிச்சம் பத்தலை, இன்னொருக்கா. ஐயோ, கண்ணை மூடிட்டீங்க, இன்னும் ஒருக்கா."

ஒவ்வொரு திருப்புக்கும் ஊசி தளர்ந்து எரிபொருள் கொஞ்சம் கூடியது.

விமானம் வெள்ளைப் புகை விட்டபடி ஏறி, வட்டமடித்து, சமர்த்தாக இறங்கியது.

"பாத்தீங்களா?" என்று தலைவர் பொள்ளாச்சிக்காரர்களிடம் மார்தட்டினார். "இத்தனை நாளா விழுந்ததெல்லாம் எவனோ என் ஊசியைத் திருப்பினதால!"

"இன்னைக்கும் ஒருத்தர் திருப்பிட்டாருங்க சார்," என்று பூங்கோதை போனை நீட்டினாள். "போட்டோவே இருக்குது. தூக்கிரலாங்களா?"