பந்தியின் முதல் இலை

மடத்துப் பந்தியிலிருந்து இருமல் கேட்டது. ஒருவர் இருமி அடங்குவதற்குள் இன்னொருவர். அடுப்படியில் நின்ற மாசிலாமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"அண்ணாச்சி, சாம்பார்ல சமுத்திரத்தையே இறக்கிட்டீரா?" என்று பாதயாத்திரைக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். பந்தியே சிரித்தது.

அந்த மடத்தின் குரு வடிவம்மை. மாசிலாமணியைவிட வயதில் இளையவர். போக்கிடம் இல்லாமல் வந்து நின்ற அவரைச் சீடராக ஏற்று, அடுப்படியை நம்பி ஒப்படைத்தவர். யாத்திரைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இப்போது தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

இத்தனை நாளும் இந்த உப்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறார்! மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"தாயே, என் நாக்கு மரத்துப் போச்சு. உப்பும் தெரியலை, புளியும் தெரியலை. உடம்புல துத்தநாகச் சத்து, அதான் ஜிங்க், குறைஞ்சதாலதான் இப்படின்னு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது தீர்ந்தா சாப்பாட்டுலயே சேர்த்துக்கணுமாம். துத்தநாகத்துக்கு நான் எங்கே போவேன்? கரண்டியை வேற யார்கிட்டயாவது கொடுத்திடுங்க."

"இன்னிக்கு என்ன சமைச்சீங்க?"

"முளைகட்டின கொண்டைக்கடலைச் சுண்டல். எள்ளுத் துவையல். பொரியல்ல பூசணி விதையை வறுத்துத் தூவினேன்."

"நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"அடியில கிடக்கிற சோறும் ரசமும். சுண்டல் என்னிக்கு மிஞ்சியிருக்கு? சமைக்கிறவன் கடைசியிலதானே உட்காரணும். மடத்து வழக்கமாச்சே."

உப்பு மட்டுப்பட அம்மையார் வெந்த பருப்பை மசித்துச் சாம்பாரில் கரைத்துவிட்டார். வெளியே அடுத்த பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. முதல் இலையைக் காட்டி, "உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தவரின் இலையில் சுண்டல் இரண்டு கரண்டி விழுந்தது. துவையல் விழுந்தது. பொரியல் விழுந்தது. "நீங்க தேடுற துத்தநாகம் இதுலயெல்லாம்தான் இருக்கு" என்றார் அம்மையார்.

மாசிலாமணி பதறி எழுந்தார். "வெயில்ல நடந்து வந்தவங்க காத்திருக்காங்க தாயே! அவங்களுக்கு முன்னாடி நான் தின்னா பாவமில்லையா?"

"இத்தனை பேரும் உங்க நாக்கை நம்பித்தான் உட்கார்ந்திருக்காங்க. அதைப் பட்டினி போட்டது யாரு?"

மாசிலாமணி உட்கார்ந்தார். ருசி தெரியாத சுண்டலை வாயில் போட்டு, மெல்ல மென்றார்.

அம்மையார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.